எடை குறைப்பு பவுடர், கேப்சூல், ஸ்லிம் டீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் எடை குறைப்புச் சரக்கு விற்காத வாட்ஸ்அப் குரூப் இப்போது குறைவு. உள்ளூர் கேபிள் டிவியிலும் அதே விளம்பரம், பேப்பருக்குள் மடித்து வரும் நோட்டீசிலும் அதே வாசகம். அவற்றைப் பார்த்துவிட்டு மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, கேட்ட மாதிரியே எழுதிப் பதில் தந்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதில் புரியும்.

1. பத்து நாள்ல பத்து கிலோ குறையும்னு போட்டிருக்காங்களே, நடக்குமா?

நடக்காது. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. பத்து கிலோ கரைய 77,000 கலோரி செலவாக வேண்டும். பத்து நாளுக்குள் என்றால் நாளொன்றுக்கு 7,700. வீட்டு வேலை, கடைகண்ணி என்று நடமாடும் ஒரு பெண்ணின் உடம்பு நாள் முழுக்கச் செலவழிப்பது 1,800 முதல் 2,000 கலோரி அளவுதான். வெறும் தண்ணீரோடு பத்து நாள் பட்டினி கிடந்தாலும் இரண்டரை கிலோ கொழுப்புக்கு மேல் கரைய வழியில்லை.

வாரம் அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் குறையும் வேகம் அவ்வளவுதான். விளம்பரத்தில் கிலோவும் நாளும் சேர்ந்து வந்தால், கிலோவை 7,700-ஆல் பெருக்கி நாளால் வகுத்துப் பாருங்கள். 1,100-க்கு மேல் போனால் அந்த வாக்கியம் பொய்.

2. எங்க அண்ணிக்கு முதல் வாரமே ரெண்டு கிலோ குறைஞ்சுதே? மெஷின்ல நின்னு பார்த்தோம்.

மெஷின் பொய் சொல்லவில்லை. குறைந்தது கொழுப்பு இல்லை, அவ்வளவுதான். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. மொத்தம் 400, 500 கிராம் வரும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைத் திடீரென்று குறைத்தால் முதலில் காலியாவது இந்தச் சேமிப்பு. அதோடு தண்ணீரும் வெளியேறும். ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கிவிடும். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு வந்தால் அத்தனையும் திரும்பி ஏறிவிடும்.

எந்தப் பவுடரும் சாப்பிடாமல் சோற்றை மட்டும் குறைத்தவருக்கும் இதே இறக்கம் வரும். விளம்பரங்கள் முதல் வாரத்தையே காட்டுவது இதனால்தான். ஒரே மெஷினில், காலையில் கழிவறை போய் வந்து, காபிக்கு முன்னால், வாரம் ஒரு தடவை பாருங்கள். கூடவே டேப்பால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டிய அளவு. நாலு வாரம் தொடர்ந்து இடுப்பு குறைந்தால்தான் கொழுப்பு குறைகிறது என்று அர்த்தம்.

3. ஸ்லிம் டீ குடிச்சா வயிறு லேசா இருக்கு. நல்லதுதானே?

டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் சென்னா இலை என்றோ காசியா என்றோ இருக்கும். நம் நிலாவாரைதான்; திருநெல்வேலிப் பெயரோடு காலங்காலமாக ஏற்றுமதியாகும் அதே இலை. நல்ல பேதி மருந்து, மலச்சிக்கலுக்குச் சில நாள் சாப்பிடலாம். எடை குறைக்க இதனால் முடியாது. சாப்பாட்டின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நிலாவாரை வேலை செய்வது அதற்கு அப்புறம் வரும் பெருங்குடலில். அது வெளியேற்றுவது தண்ணீரும் உப்பும் மலமும்தான்.

அந்த உப்பில் பொட்டாசியமும் போகிறது. சித்திரை வெயிலில் களத்து வேலைக்கோ நடவுக்கோ போகிறவர் தினமும் இந்த டீயைக் குடித்தால் கெண்டைக்கால் இழுக்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரட்டை ஆபத்து, அந்த மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதால். மாதக்கணக்கில் குடித்துவிட்டு நிறுத்தினால் டீ இல்லாமல் மலம் கழியாத நிலையும் வருகிறது. ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

4. மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாதுன்னு சொல்றாங்களே?

இலையாகச் சாப்பிடுவது வேறு, சாறு இறக்கிச் செறிவாக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு. கிரீன் டீயை எடுத்துக்கொள்ளுங்கள். டீயாகக் குடித்தால் பயமில்லை. அதே இலையின் சாரத்தைக் கேப்சூலில் அடைத்து, அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ளே போனால் ரத்தத்தில் கல்லீரல் என்சைம்கள் ஏறுகின்றன (கல்லீரல் பாதிக்கப்படுவதன் அடையாளம்) என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொல்லியிருக்கிறது. லேபிளில் ஈஜிசிஜி அளவே போடாத கேப்சூலில் எவ்வளவு உள்ளே போகிறது என்று எப்படிக் கணக்கிடுவீர்கள்?

கார்சீனியா என்று விற்பது குடம்புளி. மீன் குழம்பில் போட்டுச் சாப்பிட்டு யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதன் சாரத்தை மாத்திரையாகச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. எடை குறையும் அளவோ, ஆய்வுகளில் ஒன்றுமில்லை அல்லது மிகச் சொற்பம்.

5. எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கே? அப்ப அரசாங்கம் சோதிச்சு ஓகே பண்ணினதுதானே?

இல்லை. அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம். அது தரும் 14 இலக்க எண், உணவுப் பொருள் தயாரிக்கவோ விற்கவோ அந்த நிறுவனத்துக்கு உரிமமோ பதிவோ இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. தெருமுனை டீக்கடைக்கும் அப்படி ஒரு எண் உண்டு. எடை குறையும் என்ற வாக்கியத்தை யாரும் சோதித்து முத்திரை குத்தியதாக அர்த்தம் இல்லை.

எண்ணை இப்படிப் படியுங்கள். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. மாநில அளவில் வாங்கியது என்றால் அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டும் ஆண்டு. எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, காலாவதியாகிவிட்டதா என்று தெரியும். டப்பாவில் ஒரு கம்பெனி பெயரும் இணையதளத்தில் ஒரு மளிகைக் கடை பெயரும் வந்தால் வாங்காதீர்கள். எண்ணே 14 இலக்கம் இல்லை என்றால் தேடவே வேண்டாம்.

6. அமெரிக்க எஃப்டிஏ அப்ரூவல்னு போட்டிருக்கே?

எஃப்டிஏ என்பது அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம். இந்தப் பவுடர், கேப்சூல் போன்ற உணவுச் சப்ளிமென்டுகளை விற்பனைக்கு முன் எஃப்டிஏ அனுமதிப்பதே இல்லை. 1994-ல் வந்த அங்குள்ள சட்டம் அப்படி. ஆகவே சப்ளிமென்டில் இந்த வாசகம் இருந்தாலே அது பொய். ஐஎஸ்ஓ, ஜிஎம்பி என்ற சான்றுகள் தயாரிக்கும் முறையைப் பற்றியவை. பலன் தருமா என்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

7. லேபிள்ல வேற என்னதான் பார்க்கணும்?

மூன்று இடத்தைப் பாருங்கள். முதலில், எட்டு மூலிகைப் பெயரை வரிசையாகப் போட்டுவிட்டு "ப்ராப்ரைட்டரி பிளெண்ட் 500 மி.கி." (கம்பெனியின் சொந்தக் கலவை) என்று ஒரே எண்ணோடு முடித்திருக்கிறதா? அப்படியானால் எதில் எவ்வளவு என்று தெரியாது. 490 மில்லிகிராம் மலிவான மாவாகவும், விளம்பரத்தில் பெரிதாகப் பேசும் மூலிகை 2 மில்லிகிராமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, ஒரு வேளைக்கு எத்தனை. "60 கேப்சூல்" என்று முன்பக்கம் இருக்கும். பின்பக்கம் வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை என்று சிறிய எழுத்தில் இருக்கும். பத்து நாளில் தீர்ந்துவிடும். மாதத்துக்கு மூன்று டப்பா. சொன்ன விலையை மூன்றால் பெருக்குங்கள்.

மூன்றாவது, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரி. ஹெல்த் சப்ளிமென்ட் என்று விற்கும் பொருளில் அந்த வரி இருந்தாக வேண்டும். டப்பாவில் அந்த வரி, கூடவே வந்த நோட்டீசில் "உடல் பருமன், சுகர், தைராய்டு குணமாகும்" என்ற வரி. இரண்டும் ஒரே கம்பெனி அச்சடித்தவை. அந்த நோட்டீசைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் சாட்சி.

8. ஒரு கேப்சூல் போட்டதுல நிஜமாவே பசி எடுக்கலை. அப்ப அது நல்ல மருந்துதானே?

பயப்பட வேண்டிய இடம் இதுதான். வேலை செய்யாத பவுடரால் பணம் மட்டும்தான் போகும். லேபிளில் வெறும் மூலிகைப் பெயர்கள், ஆனால் இரண்டு நாளில் பசி அடங்கி, வாய் உலர்ந்து, தூக்கம் போய், நெஞ்சு படபடக்கிறது என்றால் உள்ளே சொல்லாமல் கலந்த மருந்து இருக்கலாம். சிபுட்ரமின் என்ற பசியடக்கி மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரிந்து, 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையை விட்டுப் போனது. 2011-ல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகும் "இயற்கை" என்று விற்ற எடை குறைப்பு மாத்திரைகளில் அது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது.

உடனே நிறுத்துங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். மீதிக் கேப்சூலைத் தூக்கி எறியாமல் டப்பாவோடு எடுத்துப் போனால், என்ன கலந்திருக்கும் என்று ஊகிக்க மருத்துவருக்கு உதவும்.

9. எங்க தெரு கிளப்ல காலைல ஷேக் குடிச்சு நிறைய பேர் குறைச்சிருக்காங்க. அதுவும் பொய்யா?

குறைந்தது பொய்யில்லை. ஏன் குறைந்தது என்று சொல்வதில்தான் பொய். சாப்பாட்டுக்குப் பதிலாகப் பவுடரைக் கலக்கிக் குடிக்கும் ஒரு ஷேக்கில் 200 கலோரி அளவு இருக்கும். அது நிறுத்தும் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பாருங்கள்: 400 கிராம் சோறு மட்டும் 520 கலோரி, அதன்மேல் குழம்பு, பொரியல், அப்பளம். நாளுக்கு 500 கலோரிக்கு மேல் மிச்சம். ஏழு நாளில் 3,500. முதல் பதிலில் சொன்ன 7,700-ஆல் வகுத்தால் வாரம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எடையை இறக்கியது விட்டுப்போன சோறுதான்.

இதையே செலவில்லாமல் செய்யலாம். சோற்றை 400 கிராமிலிருந்து 200 ஆக்கி, அந்த இடத்தில் கீரையும் சுண்டலும் வைத்தால் சோற்றில் மட்டும் 260 கலோரி குறையும். சுண்டலில் கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் வயிறு நிற்கும். டிகிரி காபி மூன்று வேளை, வேளைக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால், அந்தச் சர்க்கரையை விட்டால் இன்னொரு 120. சாயங்காலப் போண்டா இரண்டை விட்டால் ஷேக் தந்த மிச்சத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுவீர்கள்.

இன்னொன்று. "நீங்களும் மெம்பராகுங்க, சேரப் பணம் கட்டுங்க" என்று பேச்சு திரும்பினால் கவனம். நேரடி விற்பனைக்கான 2021 விதிகளின்படி சேர்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, ஆள் சேர்ப்பதற்கே காசு தரும் பிரமிட் முறையும் கூடாது. கிளப்பில் சாட்சி சொல்லும் பலர் அங்கேயே சரக்கு விற்பவர்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

10. முன்னாடி, பின்னாடி போட்டோ போடுறாங்களே. கண்ணால பார்க்கிறதை எப்படி நம்பாம இருக்கிறது?

முதல் படத்தில் வயிற்றைத் தளர்த்தி, தோளைத் தொங்கவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில். இரண்டாவதில் மூச்சை இழுத்து, நிமிர்ந்து, இறுக்கமான உடையில், நேர் வெளிச்சத்தில். ஒரே நாளில் பத்து நிமிட இடைவெளியில் எடுத்தாலும் ஐந்து கிலோ வித்தியாசம் தெரியும். மச்சம், தழும்பு, பின்னால் தொங்கும் காலண்டர் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். கூகுள் லென்சில் படத்தைப் போட்டால் அதே ஆள் வேறு மொழியில் வேறு பவுடருக்குச் சாட்சி சொல்வது பல தடவை வந்து நிற்கும்.

11. டாக்டரே வீடியோவுல பேசுறாரு. நடிகையும் சொல்றாங்க.

டாக்டர் என்றால் பதிவு எண் எங்கே? மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். பிரபல மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் போலியாகச் செய்து விளம்பரம் விடுவதும் நடக்கிறது. உதடும் ஒலியும் பொருந்துகிறதா என்று கவனியுங்கள்.

பணம் வாங்கிப் பேசுகிறவர்கள் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளருக்கும் முகம் காட்டியவருக்கும் முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இது தவிர, 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்துகள் சட்டம் ஒரு நோய்ப் பட்டியலைப் போட்டு, அந்த நோய்களை மருந்து குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. உடல் பருமனும் நீரிழிவும் அந்தப் பட்டியலில் உள்ளன. மூலிகை மருந்துக்கும் அது பொருந்தும்.

12. டவுன்ல ஊசி போட்டுக் குறைக்கிறாங்களாம். அதோட இயற்கை வடிவம்னு சொட்டு மருந்து வருதே?

செமாக்ளூடைட், டிர்செபடைட் என்ற ஊசிகள் நிஜமான மருந்துகள். மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது. அந்தச் செமாக்ளூடைட் பெரிய ஆய்வில் உடல் எடையில் சராசரியாக 15 சதவீதம் குறைத்தது, அதற்கு எடுத்துக்கொண்ட காலம் 68 வாரம். உலகமே பேசும் மருந்துக்கே 68 வாரம் என்னும்போது, நாக்கடியில் விடும் சொட்டுக்கு மூன்று வாரம் போதும் என்பதை நம்பாதீர்கள். இப்படி விற்கும் சொட்டிலும் ஒட்டும் பட்டையிலும் அந்த மருந்து இருக்காது. இருந்தால் எட்டாம் கேள்வியின் பதில்தான்.

13. வியர்வை பெல்ட், வயித்துல தேய்க்கிற எண்ணெய்?

பெல்ட் வியர்வையை எடுக்கும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். தோலில் தேய்க்கும் எண்ணெயால் கொழுப்பு கரையாது.

14. நான் சுகர் மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் சாப்பிடுறேன். கூட இதையும் சேர்த்துக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் கூடாது. சிறுகுறிஞ்சான், குரோமியம், பெர்பெரின் கலந்தவை சுகர் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கலாம். காலை வேளை சாப்பிடாமல் ஷேக் மட்டும் குடித்துவிட்டு மாத்திரையும் போட்டால் இன்னும் மோசம்: கை நடுக்கம், வியர்வை, மயக்கம். தைராய்டு மாத்திரையோடு நார்ச்சத்துப் பவுடர், கால்சியம், இரும்பு ஆகியவற்றைச் சேர்த்துப் போட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று பயோட்டின் என்ற வைட்டமின். முடிக்கும் தோலுக்கும் என்று எடை குறைப்பு கம்மிகளிலும் (மிட்டாய் போல மெல்லுபவை) அதிக அளவில் சேர்க்கிறார்கள். அது தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் குழப்பும். ரத்தம் கொடுக்கும் முன் சாப்பிடும் சப்ளிமென்டின் பெயரைச் சொல்லிவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறவரிடமும் சொல்லலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பவுடரைச் சாப்பிடச் சொல்கிறவர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

15. எந்த அறிகுறி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

கண் மஞ்சள், கட்டங்காபி நிறத்தில் சிறுநீர், உடம்பெல்லாம் அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி: இவை கல்லீரல் அறிகுறிகள். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு நாள் கடத்த வேண்டாம், ரத்தப் பரிசோதனை அன்றே வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், அடங்காத படபடப்பு என்றால் 108. பாதிப்பை நீங்களே பதிவு செய்ய, மருந்துப் பக்கவிளைவுகளுக்கான தேசிய எண் 1800-180-3024.

16. பலன் இல்லேன்னா முப்பது நாள்ல பணம் வாபஸ்னாங்க. இப்ப போனே எடுக்கலை.

அந்த வாக்குறுதிக்கு நிபந்தனை பெரும்பாலும் "சீல் உடைக்காத டப்பா" என்று இருக்கும். சாப்பிடாமல் பலன் தெரியாது, சாப்பிட்டால் சீல் போய்விடும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் (தேதியோடு), பில், பணம் அனுப்பிய யுபிஐ எண், கூரியர் கவர், டப்பாவின் நாலு பக்கப் போட்டோ, பேசிய வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். அவர்கள் விளம்பரத்தை அழித்துவிட்டாலும் உங்களிடம் இருக்கும்.

பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி டெல்லியில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

17. கலப்படம்னு சந்தேகம் இருக்கு. நானே சோதிச்சுப் பார்க்க முடியுமா?

முடியும். வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க, 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு வழி தருகிறது. அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. பலர் தவறவிடும் ஒரு நிபந்தனை: சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். ஆகவே சாப்பிட்டு மீந்ததைவிட, சொல்லிவிட்டுப் புதிதாக வாங்கிய, சீல் உடைக்காத டப்பா நல்லது. சட்டத்துக்குப் பொருந்தாத பொருள் என்று அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.

எளிய வழி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுத்து அவர்களே மாதிரி எடுக்கச் செய்வது. மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. ஏழாம் பதிலில் சொன்ன நோட்டீசையும் போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். தவறான விளம்பரத்துக்கு இதே சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை தனியாக அபராதம் உண்டு.

18. வித்ததே எங்க சித்தி பொண்ணு. புகார் கொடுத்தா உறவு போயிடும். என்ன செய்றது?

புகார் கம்பெனியின் மேல், விளம்பர வாசகத்தின் மேல். விற்றவர் பெயரை முன்னால் வைக்காமலே டப்பாவையும் நோட்டீசையும் வைத்துக் கொடுக்கலாம். பல ஏஜென்டுகள் தாங்களே காசு போட்டுச் சரக்கெடுத்து மாட்டிக்கொண்டவர்கள். நேரடி விற்பனை விதிகளின்படி விற்காத சரக்கைக் கம்பெனியிடம் திருப்பித் தர வழி இருக்க வேண்டும். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியைத் தேடி அவருக்கே காட்டுங்கள்.

அவரும் அதைச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சாப்பிடுகிறார் என்றால் பதினைந்தாம் கேள்வியின் அறிகுறிகளைச் சொல்லி, ஒரு தடவை கல்லீரல் ரத்தப் பரிசோதனைக்கு உங்களோடு கூட்டிப் போங்கள்.